லித்தியம் போடும் தம்பி, டிராயர் நிறைய வைட்டமின்: எதை வைக்க, எதை எடுக்க?

அக்காக்காரி (திருச்சி) | ஏப்ரல் 18, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இதான் முதல் தடவை.

தம்பிக்கு 31 வயசு. ஆறு வருஷமா பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்கற நோய்). அதுக்கு லித்தியமும் லாமோட்ரிஜினும் போடறான். ரெண்டு வருஷமா பெரிய ஏற்ற இறக்கம் இல்ல, வேலைக்குப் போறான் வர்றான். ஆனா இந்த ஆறு மாசமா ஒரே மந்தம். பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கண்ணைச் சொருகுது. எடை ஏறுது, முடி கொட்டுது. "எதுவும் பிடிக்கலக்கா"ங்கறான்.

யாரோ வீடியோல சொன்னாங்கன்னு ஆன்லைன்ல மாத்திரை வாங்க ஆரம்பிச்சிருக்கான். நேத்து அவன் மேசை டிராயரைத் திறந்தா ஒரு சின்ன மருந்துக்கடையே இருக்கு. லேபிளைப் பார்த்து எழுதறேன்: மீன் எண்ணெய் 1000 மி.கி., முடிக்குன்னு பயோட்டின் 10,000 மைக்ரோகிராம், ஃபோலிக் ஆசிட் 5 மி.கி., மெக்னீசியம், அமுக்கரா கேப்ஸ்யூல். இது போக வைட்டமின் டி 60,000 யூனிட் பொடி. அது அம்மாவுக்கு டாக்டர் எழுதினது, இவனும் பால்ல கலக்கிக் குடிக்கிறான். வாரத்துக்கு ஒண்ணா, தினம் ஒண்ணான்னு கேட்டா முழிக்கிறான்.

"இதெல்லாம் செட் ஆயிட்டா லித்தியத்தை நிறுத்திடலாம்"ங்கறான். அதைக் கேட்டதிலிருந்து வயித்தைக் கலக்குது. வைட்டமின்தானே, என்ன ஆயிடப் போகுதுன்னு அப்பா சொல்றார். நிஜமா ஒண்ணும் ஆகாதா?

மருந்துக்கடை மணி (தஞ்சாவூர் பக்கம்) | ஏப்ரல் 18, இரவு 11:25

சகோதரி, முதல்ல ஒண்ணு. லித்தியத்தை அவரா நிறுத்த விடாதீங்க. சட்டுனு நிறுத்தினா நோய் திரும்பி வர்ற ஆபத்து அதிகம், அதுவும் மேனியாவாகவே (மனசு அளவு மீறிப் பறக்கற நிலை) வரலாம். மத்ததெல்லாம் அப்புறம்.

22 வருஷமா கவுன்ட்டர்ல நிக்கறேன். "சத்து மாத்திரை" கேட்டு வர்றவங்க யாரும் கூட வேற என்ன மருந்து சாப்பிடறாங்கன்னு சொன்னதில்ல. நாங்களும் எல்லா நேரமும் கேட்கறதில்ல, அது எங்க தப்பு.

நீங்க சொன்ன பட்டியல்ல எனக்கு முதல்ல உறுத்தறது ஃபோலிக் ஆசிட். பார்க்கறதுக்கு அதைவிட சாது மாத்திரை கிடையாது, கர்ப்பிணிகளுக்கே கொடுக்கறோம். ஆனா தம்பி போடறது லாமோட்ரிஜின். பிரிட்டன்ல பைபோலார் மனச்சோர்வுல இருந்த 202 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2016ல லான்செட் சைக்கியாட்ரி இதழ்ல வந்தது. ஏற்கெனவே குவெட்டியாபின்னு இன்னொரு பைபோலார் மாத்திரை போடறவங்களுக்கு லாமோட்ரிஜின் சேர்த்தா பலன் இருக்கான்னு பார்த்தாங்க. இருந்துச்சு. கூடவே பாதிப் பேருக்கு ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம் கொடுத்தாங்க, இன்னும் நல்லா இருக்கும்னு நினைச்சு. அதைச் சாப்பிட்டவங்ககிட்ட லாமோட்ரிஜினோட பலன் காணாமப் போச்சு. யாரும் எதிர்பார்க்கல. ஏன்னு இன்னும் தெளிவா விளக்கம் இல்ல, ஒரே ஒரு ஆய்வுதான். ஆனா தம்பி போடறது அதைவிடப் பத்து மடங்கு. டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும்.

இதைப் படிக்கிற பெண்களுக்கு: வால்ப்ரோவேட், லாமோட்ரிஜின் மாதிரி மாத்திரை போட்டுக்கிட்டு குழந்தைக்குத் திட்டமிடறவங்களுக்கு டாக்டர் ஃபோலிக் ஆசிட் எழுதியிருந்தா, அது சிசுவோட தண்டுவடத்துக்காக. என் பதிவைப் பார்த்து நிறுத்திடாதீங்க.

இயற்கைவாசி | ஏப்ரல் 19, காலை 6:05

பாருங்கள், வைட்டமின் என்றதும் மருந்துக்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். மனநோய்க்குக் காரணம் சத்துக் குறைபாடு. மண்ணில் சத்தில்லை, அரிசியில் சத்தில்லை. கெமிக்கலை நிறுத்தி இயற்கைக்குத் திரும்பினால் எந்த நோயும் 90 நாளில் சரியாகும். தம்பி சரியான பாதையில்தான் போகிறார். விட்டுவிடுங்கள்.

கொங்குக்காரன் (ஈரோடு) | ஏப்ரல் 19, காலை 7:50

இயற்கைவாசி அண்ணா, எனக்கும் பைபோலார்தானுங்க. 14 வருசமா லித்தியம். அதைவிட இயற்கையான மருந்து எதுங்க? பாறையில இருந்து எடுக்கற உப்பு. எந்த கம்பெனியும் கண்டுபுடிக்கல, தனிமங்களோட அட்டவணையில மூணாவதா உட்கார்ந்திருக்குது.

இதோட கதை தெரியுங்களா? 1940கள்ல அமெரிக்காவுல இதய நோயாளிகளுக்கு "சமையல் உப்புக்குப் பதில் இதைப் போட்டுக்குங்க"ன்னு லித்தியம் குளோரைடை வித்தாங்க. மருந்தா இல்லீங்க, மளிகைச் சாமானாட்டம். சாப்பாட்டுல அவங்கவங்க இஷ்டத்துக்குத் தூவிக்கிட்டாங்க. செத்தே போனாங்க சில பேரு. 1949ல தடை. அதே 1949ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்-னு ஒரு டாக்டர் அதே லித்தியத்தை மேனியா நோயாளிங்களுக்குக் கொடுத்து, வருசக் கணக்கா பூட்டின வார்டுல கெடந்தவங்க தெளிஞ்சதை எழுதினாரு. ஒரே சரக்கு, ஒரே வருசம். அப்புறம் ரத்தத்துல எவ்வளவு இருக்குதுன்னு அளக்கத் தெரிஞ்சதுக்குப் பொறகுதான் நம்பிக் கொடுக்க முடிஞ்சுது. அமெரிக்காவுல அனுமதி வர 1970 ஆயிருச்சு.

அதனால "இயற்கை, செயற்கை"ங்கற பேச்சை நான் காதுலயே வாங்கறதில்ல. அளந்தாங்களா, அளக்கலயான்னுதான் கேப்பேன். 60,000 யூனிட் பொடியைக் கணக்கில்லாமப் பால்ல கலக்கறது அந்த உப்புக் கதையேதானுங்க.

நைட் டூட்டி (சிங்கப்பூர்) | ஏப்ரல் 19, காலை 9:15

நான் நர்ஸ். இப்பதான் ஷிப்ட் முடிஞ்சு எம்ஆர்டி ரயில்ல உட்கார்ந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிக்கணும்.

கொங்குக்காரன் சொன்ன அளவு: லித்தியம் ரத்தத்துல லிட்டருக்கு 0.6ல இருந்து 1.0 மில்லிமோல் வரைக்கும் வேணும். 1.5 தாண்டினா விஷம். இடைவெளி அவ்ளோதான். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சுத்தான் ரத்தம் எடுக்கணும். நிறைய பேர் காலையில மாத்திரையைப் போட்டுட்டு லேபுக்குப் போயிடறாங்க, ரிப்போர்ட் தப்பா ஏறி வரும்.

டி பொடி பத்தி. வாரம் ஒண்ணு எழுதற மருந்தைத் தினம் ஒண்ணா குடிச்சா கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி யூரின், குழப்பம். உடம்புல தண்ணி வத்தினா கிட்னி லித்தியத்தை வெளிய விடாது, அளவு ஏறும். லித்தியமே சிலருக்குக் கால்சியத்தைக் கூட்டும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்தா? இது சித்திரை மாசம் வேற. எத்தனை பாக்கெட் காலியாச்சுன்னு இன்னிக்கே எண்ணுங்க அக்கா. வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், கை நடுக்கம் திடீர்னு கூடறது, இதுல எது இருந்தாலும் நாளைக்குன்னு வைக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. பயோட்டின். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம். தம்பி போடறது 10,000. அதனால உடம்புக்குப் பெருசா கெடுதி இல்ல, ஆனா லேப் மிஷினை ஏமாத்தும். தைராய்டு டெஸ்ட் பல மிஷின்கள்ல பயோட்டினை வெச்சுத்தான் வேலை செய்யுது. ரத்தத்துல அது நிறைய மிதந்தா டி.எஸ்.ஹெச். (தைராய்டு மந்தமானா ஏறுற அளவு) நிஜ அளவைவிடக் கம்மியா காட்டும். லித்தியம் தைராய்டை மந்தமாக்கற மருந்து, அதனாலதான் அடிக்கடி டெஸ்ட் எடுக்கச் சொல்றது. நீங்க எழுதியிருக்கீங்களே, தூக்கம், எடை, முடி, எதுவும் பிடிக்கலன்னு. எனக்கு அதைப் படிக்கும்போதே பக்குன்னு இருந்துச்சு. கடைசியா தைராய்டு எப்ப பார்த்தீங்க? அப்ப பயோட்டின் போட்டுக்கிட்டிருந்தாரா?

அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கொஞ்சம் ஏத்திவிடக்கூடியது. படம் இன்னும் குழம்பும்.

அக்காக்காரி | ஏப்ரல் 19, மதியம் 1:30

பொடி எண்ணிப் பார்த்தேன். அம்மாவோட கணக்கைக் கழிச்சா மூணு வாரத்துல ஏழு குடிச்சிருக்கான். வாந்தி எல்லாம் இல்ல. இன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணிட்டேன். பொடியை உடனே நிறுத்தச் சொல்லிட்டார், நாளைக்குக் கால்சியமும் லித்தியமும் பார்க்கணுமாம். மத்த எல்லாத்தையும் அப்படியே எடுத்துட்டு வாங்கன்னார்.

தைராய்டு ஜனவரியில எடுத்தோம், நார்மல்னு வந்துச்சு. பயோட்டின் நவம்பர்ல இருந்து போடறான். இப்பதான் தேதியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (திருநெல்வேலி) | ஏப்ரல் 19, மாலை 5:45

எதிர்த்தரப்புக்கும் ஒரு சாட்சி வேண்டும் அல்லவா, நான் சொல்கிறேன். எனக்கு வயது 66. சுத்த சைவம். சர்க்கரைக்காக 15 ஆண்டுகளாக மெட்ஃபார்மின்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எதிலும் பிடிப்பற்றுப் போனேன். பேரன் வந்தால்கூட எழுந்து வாசலுக்குப் போகத் தோன்றாது. பெயர்கள் மறந்தன. மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள், எட்டு மாதம் சாப்பிட்டேன், அரைகுறைப் பலன். ஒரு நாள் டவுண் ரதவீதியில் நடந்துபோகிறேன், எதிரே வந்தவர் "சார், இடது கால் செருப்பு எங்கே?" என்கிறார். குனிந்து பார்க்கிறேன், இல்லை. இருபதடி பின்னால் கிடக்கிறது. கழன்றது காலுக்குத் தெரியவே இல்லை.

அதைச் சொன்ன பிறகுதான் மருத்துவர் பி12 பார்த்தார். 138. அந்தச் சோதனைக்கூடத்தின் கீழ் எல்லை 200. மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுத்தால் பி12 குறையும், சைவ உணவில் பால், தயிர் தவிர வேறு வழியும் அதிகம் இல்லை. ரத்தசோகை இருந்திருந்தால் முன்பே கண்டுபிடித்திருப்பார்கள். எனக்கு அது இல்லை. ரத்தசோகை இல்லாமலேயே பி12 குறைவு நரம்பையும் மனத்தையும் தாக்கும் என்று 1988இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிவிட்டார்களாம். ஊசி போட்டார்கள். நான்கு மாதத்தில் வாசலுக்குப் போனேன்.

ஆக, வைட்டமின் என்னைக் காப்பாற்றியது. ஆனால் இயற்கைவாசி அவர்களுக்கு ஒரு சொல்: எனக்கு இருந்தது பற்றாக்குறை. பள்ளம் இருந்தது, மண் போட்டார்கள், நிரம்பியது. சமதரையில் மண்ணைக் கொட்டினால் மேடுதான் வரும். பாதத்தில் கொஞ்சம் மரப்பு இன்னும் இருக்கிறது. தாமதத்துக்கு நான் கட்டும் வட்டி.

மருந்துக்கடை மணி | ஏப்ரல் 19, இரவு 9:10

ஐயா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். பி12 குறைஞ்ச ஆள் வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டா ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே இருக்கும். அதே மாதிரி பி6 அதிக அளவுல பல மாசம் சாப்பிட்டாலும் கால் மரத்துப் போகும். மரப்புக்குன்னு "நரம்புச் சத்து" மாத்திரை வாங்கி, அந்த மாத்திரையாலயே மரத்துப் போறவங்களும் உண்டு.

மட்டுறுத்துநர் | ஏப்ரல் 19, இரவு 9:30

பொதுவான வேண்டுகோள்: இவ்வளவு போடுங்கள், இதை நிறுத்துங்கள் என்று யாரும் இங்கே அளவு எழுத வேண்டாம். "90 நாளில் குணம்" என்று இணைப்பு கொடுத்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மனம் உடைந்த நிலையில், உயிரை விடும் எண்ணத்தோடு யாராவது இதைப் படித்தால், பதிலுக்குக் காத்திருக்காமல் டெலி மனஸ் 14416 எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

யாழ்நிலா (ரொறன்ரோ) | ஏப்ரல் 20, அதிகாலை 4:20

கனடாவில இருந்து ஒரு கதை சொல்லட்டோ? இஞ்ச ஆல்பர்ட்டா மாகாணத்தில ஒருவரின்ர மனைவி 1994ல தற்கொலை செய்துகொண்டவ. பிள்ளையளுக்கும் பைபோலார். கால்நடைத் தீவன வேலையில இருந்த ஒரு நண்பர் சொன்னாராம், பன்றியள் ஒண்டின்ர காதை ஒண்டு கடிக்கிற குழப்பம் வந்தால் தீவனத்தில விற்றமினும் கனிமமும் கூட்டிப் போடுறது, அடங்கியிடும் எண்டு. அதைப் பார்த்து மனுசருக்கு ஒரு கலவை செய்தினம். 2001ல கல்கரி ஆய்வாளர்கள் 11 பேருக்குக் குடுத்துப் பார்த்து நல்ல முன்னேற்றம் எண்டு எழுதினவை. அரசு தடுக்கப் பார்த்தது, வழக்குப் போட்டது, 2006ல நீதிமன்றம் அவையளை விடுதலை செய்தது.

அந்தத் தகப்பனை நான் ஒருநாளும் பரிகசிக்க மாட்டன். அந்த நிலையில நானும் எதைத் தந்தாலும் வாங்கியிருப்பன். ஆனா 11 பேர். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை குடுத்த ஆக்கள் ஒருத்தரும் இல்லை. பைபோலார் தானாகவே ஏறி இறங்குற வருத்தம். இறங்கின நேரம் தொடங்கினால் எந்த மருந்துக்கும் நல்ல பெயர்தான் வரும்.

நைட் டூட்டி | ஏப்ரல் 20, காலை 8:40

சரியா சொன்னீங்க. பெருசா பண்ணின ஆய்வுல என்ன வந்துச்சுன்னு சொல்றேன். 50 வயசுக்கு மேல 18,353 பேர், வைட்டமின் டி தினம் 2000 யூனிட், அஞ்சு வருஷத்துக்கு மேல. மனச்சோர்வு வர்றதுலயும் மனநிலை மதிப்பெண்லயும் வித்தியாசமே இல்ல (2020, ஜாமா மருத்துவ இதழ்). ஐரோப்பாவுல 1025 பேருக்கு ஒமேகா-3 (மீன் எண்ணெய்ல இருக்கற கொழுப்பு), ஃபோலிக் ஆசிட், டி, செலினியம் எல்லாம் ஒரு வருஷம் கொடுத்தாங்க, அதுவும் தடுக்கல (2019). இதெல்லாம் மனச்சோர்வு வராம தடுக்க முடியுமாங்கற கேள்வி. வந்தவங்களுக்குப் பலன் இருக்கான்னா, ஓரளவு தாங்கி நிக்கறது ஒமேகா-3, அதுவும் ஈபிஏ வகை, அதுவும் மருந்தோட கூடச் சேர்த்து.

தம்பி பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. முன்னாடி 1000 மி.கி.ன்னு பெருசா இருக்கும். பின்னாடி பொடி எழுத்துல ஈபிஏ 180, டிஹெச்ஏ (இன்னொரு ஒமேகா-3 வகை) 120ன்னு இருக்கும். மீதி வெறும் எண்ணெய். ஆய்வுகள்ல பலன் தெரிஞ்சது தினம் ஈபிஏ சுமார் 1 கிராம் அளவுல. பைபோலாருக்குன்னு 1999ல 30 பேரை வெச்சு வந்த ஆய்வு பெருசா பேசப்பட்டுச்சு, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் அந்த அளவுக்கு நிக்கல.

அக்காக்காரி | ஏப்ரல் 20, காலை 9:05

பார்த்தேன். 180, 120. அப்படியேதான் இருக்கு! இதுக்கு மாசம் 900 ரூபா.

கொங்குக்காரன் | ஏப்ரல் 20, காலை 11:30

900 ரூபாய்க்கு மத்தி மீனு வாங்கிக் கொழம்பு வெச்சா வீடே சாப்புடலாமுங்க.

தம்பிகிட்ட சொல்ல இன்னும் ரெண்டு. ஆன்லைன்ல 5-ஹெச்டிபி, சாமி (இது கோயில் சாமி இல்லீங்க, எஸ்-அடினோசில் மெத்தியோனின்), செயின்ட் ஜான்ஸ் வோர்ட்னு விப்பாங்க, "இயற்கை மனச்சோர்வு நிவாரணி"ன்னு. மனச்சோர்வு மாத்திரையாட்டமே வேலை செய்யும்கறாங்க, அப்ப பைபோலார்காரனை மேனியாவுக்கும் தூக்கிவிடும்ல? நான் ஒருக்கா அதுல ஒண்ணை வாங்கி, பத்தாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில நின்னு பங்குச்சந்தைல கோடீஸ்வரன் ஆகறதுக்குத் திட்டம் போட்டுட்டிருந்தேன். ஊட்டுக்காரம்மா பார்த்துட்டாங்க, தப்பிச்சேன்.

அப்பறம் முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென். வைட்டமின் இல்லதான், ஆனா கடையில சும்மா கேட்டு வாங்கறதுதானே. லித்தியத்தை ஏத்திவிடும். போன வருசம் மூணு நாள் போட்டு, கையி ஆடி, அளவு 1.7 வந்து படுக்கையில கெடந்தேன். உப்பைத் திடீர்னு குறைக்கறதும் அப்படித்தான்.

இயற்கைவாசி | ஏப்ரல் 20, மாலை 6:50

சரி, மாத்திரை வடிவில் வேண்டாம். உணவே மருந்து என்பதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

ஓய்வுபெற்ற வாத்தியார் | ஏப்ரல் 20, இரவு 7:35

அதில் சண்டைக்கு இடமில்லை. ஆஸ்திரேலியாவில் 2017இல் வந்த ஓர் ஆய்வு: மனச்சோர்வு உள்ள 67 பேர், 12 வாரம். ஒரு பிரிவுக்கு உணவு ஆலோசகர், காய், கீரை, பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று மாற்றினார். இன்னொரு பிரிவுக்குப் பேச்சுத்துணை மட்டும். உணவை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் மீண்டார்கள், மற்றவர்களில் 8. சிறிய ஆய்வுதான். நீங்கள் கவனிக்க வேண்டியது, அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ மனநல ஆலோசனையோ எடுத்துவந்தவர்கள். அதை விட்டுவிட்டுக் கீரை தின்னவில்லை.

அக்காக்காரி | மே 14, இரவு 9:55

எல்லோருக்கும் நன்றி, தாமதமா எழுதறேன்.

டிராயரை அப்படியே ஒரு மஞ்சப்பையில கொட்டி எடுத்துட்டுப் போனோம். டாக்டர் திட்டுவார்னு பயந்தோம். அவர் ஒவ்வொரு டப்பாவா எடுத்து மேசையில வரிசையா அடுக்கினார். "எனக்கு இதெல்லாம் தெரியாம நான் மருந்தை எழுதிக்கிட்டிருக்கேன் பாருங்க"ன்னார். அவ்ளோதான்.

கால்சியம் எல்லைக்குள்ள இருந்துச்சு, கொஞ்சம் மேல் பக்கம். லித்தியம் 0.8. ஃபோலிக் ஆசிட், அமுக்கரா, மெக்னீசியம், பயோட்டின் நிறுத்தம். பி12 பார்த்தார், 240, பரவாயில்லன்னார். ஒரு வாரம் கழிச்சு தைராய்டு மறுபடி எடுத்தோம். டி.எஸ்.ஹெச். 14.

ஜனவரியில நார்மல்னு வந்த அதே லேப்.

தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) ஆரம்பிச்சாச்சு. மந்தம் முழுக்க அதாலயான்னு இப்ப சொல்ல முடியாது, ஆறு வாரம் கழிச்சுத்தான் தெரியும்னார். மீன் எண்ணெய் வேணும்னா தொடரலாம், அவசரம் இல்லன்னார்.

தம்பி இந்த இழையை முழுசா படிச்சுட்டான். தானும் எழுதணும்கறான்.

அந்தத் தம்பி | மே 14, இரவு 10:30

அந்த டிராயர் என்னுதுதான்.

அக்கா எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. லித்தியத்தை நிறுத்தணும்னு நான் நினைச்சது வீடியோ பார்த்து இல்ல. அந்த மாத்திரையால ஆபீஸ்ல டீ டம்ளரைத் தூக்கினா கை ஆடுது. மீட்டிங்ல எல்லாரும் டீ எடுப்பாங்க, நான் மட்டும் வேண்டாம்பேன். ஒருத்தன் "குடிகாரன் மாதிரி கை ஆடுதே"ன்னு சிரிச்சான். அன்னிக்குத்தான் முதல் பாட்டில் ஆர்டர் பண்ணேன். இதை டாக்டர்கிட்ட ரெண்டு வருஷமா சொல்லல. பைபோலாரைச் சொன்னவனுக்கு டம்ளரைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு.

இந்தத் தடவை சொன்னேன். மாத்திரை நேரத்தை மாத்தியிருக்கார், நடுக்கத்துக்குத் தனியா ஒரு சின்ன மாத்திரையும் இருக்குன்னார், அடுத்த லித்தியம் லெவல் பார்த்துட்டு முடிவு பண்றதா இருக்கு. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ரத்தம். திங்கள் ராத்திரி எட்டுக்கே மாத்திரை போட்டுடணும், நர்ஸ் அக்கா சொன்ன 12 மணி நேரக் கணக்கு.

கொங்குக்கார அண்ணா, உங்களுக்கும் கை ஆடுமா? 14 வருஷமா டீ எப்படிக் குடிக்கறீங்க?

கொங்குக்காரன் | மே 14, இரவு 10:50

ஆடும் தம்பி. அரை டம்ளர்தான் ஊத்தச் சொல்லுவேன். ரெண்டு தடவை வாங்கிக் குடிக்கறது.